பின்தொடர்வோரும் வாக்காளரும்

தேர்தல் நெருங்குந்தோறும், சமூக ஊடகங்களில் எத்தலைவரை எத்தனை பேர் பின்தொடர்கின்றனர் என்ற கணக்கு பெரிதாகப் பேசப்படுகிறது. அதனைக் கொண்டே வெற்றி தோல்வியைக் கணித்துவிடலாம் எனக் கருதுவோரும் உளர். இக்கருத்து எத்துணைப் பொருத்தமுடையது என்பதைத் தலைநகர் தில்லியின் அனுபவத்தைக் கொண்டு ஆராயலாம்.

2025 பிப்ரவரியில் தில்லிச் சட்டமன்றத்திற்குத் தேர்தல் நடைபெற்றது. வாக்காளர் தொகை சுமார் 1.55 கோடி. முன்னாள் முதலமைச்சர் அரவிந்த் கெஜ்ரிவாலை எக்ஸ் தளத்தில் பின்தொடர்ந்தோரோ 2 கோடிக்கும் அதிகமானோர். எனினும், புதுதில்லித் தொகுதியில் அவர் பெற்ற வாக்குகள் 25,999. பர்வேஷ் வர்மா 30,088 வாக்குகள் பெற்று வென்றார்.

இம்முரண்பாட்டிற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, பின்தொடர்வோர் நாடெங்கும், ஏன், உலகெங்கும் பரவியுள்ளனர். வாக்காளரோ தொகுதிக்குள் வாழ்பவர். இரண்டாவது, ஒருவர் பல தலைவர்களைச் செலவின்றிப் பின்தொடரலாம். மாற்றுக் கட்சியினரும் செய்தியாளரும் அவ்வாறே செய்கின்றனர். வாக்கு ஒன்றே, ஆதலின் அதன் மதிப்பு அதிகம். மூன்றாவது, பின்தொடர்வோர் எண்ணிக்கை பல ஆண்டுகளாகச் சேர்ந்த இருப்பு. மக்கள் மனமோ மாறிச் செல்லும் ஓட்டம். 2014 மே மாதம் தில்லியின் 7 மக்களவை இடங்களையும் பாரதீய ஜனதா கட்சி பெற்றது. ஒன்பதே மாதங்களில், சட்டமன்றத்தின் 70 இடங்களுள் 67-ஐ ஆம் ஆத்மி கட்சி கைப்பற்றியது. இத்தகைய திருப்பத்தை இருப்புக் கணக்கு காட்டாது.

எண்ணிக்கை பெரிதானால் கணிப்பு சரியாகும் என்பதும் தவறு. 1936-இல் அமெரிக்காவின் லிட்டரரி டைஜஸ்ட் இதழ் 20 லட்சத்திற்கு மேற்பட்டோரின் விடைகளைத் திரட்டி, லாண்டன் வெல்வார் என அறிவித்தது. 48 மாநிலங்களுள் 46-இல் ரூஸ்வெல்ட் வென்றார். விடையளித்தோர் மொத்த வாக்காளரின் சரியான மாதிரியாக அமையாமையே பிழைக்குக் காரணம்.

மேலும், வாக்கு விகிதத்தை அறிந்தாலும் இடங்களை அறிவது எளிதன்று. 2025-இல் இரு கட்சிகளுக்கும் இடையே இருந்த வேறுபாடு ஏறத்தாழ 2 சதவிகிதமே. இடங்களோ 48-ம் 22-ம் ஆயின.

இவ்வூடகங்கள் பிரசாரத்தில் ஆற்றும் பங்கை மறுப்பதற்கில்லை. 2013-இலேயே, இவற்றில் செய்யும் விளம்பரச் செலவையும் வேட்பாளர் கணக்கில் சேர்க்குமாறு தேர்தல் ஆணையம் பணித்தது. ஆனால் பிரசாரக் கருவி வேறு, அளவுகோல் வேறு. கைப்பேசித் திரையின் ஆரவாரத்தையே மக்கள் குரலெனக் கொண்டால், அத்திரையில் இடம்பெறாத கூலித் தொழிலாளியும் முதியவளும் கணக்கினின்று விடுபட்டுப் போவர். வாக்குச்சாவடியில் அவர்களுக்கும் ஒரு வாக்கு உண்டு. கட்சிகளேயன்றித் திட்டம் தீட்டுவோரும் இதனை மறத்தலாகாது.