புதுக் கம்ப்யூட்டரில் லினக்ஸ்: டிஸ்க்கைப் பிரிப்பது எப்படி?

சென்ற மாதக் கூட்டம் முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது, நம் சங்கத்துச் சகோதரி ஒருவர் ஒரு சந்தேகம் கேட்டார். மகனுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறார்கள். அதில் லினக்ஸ் போட உட்கார்ந்தபோது, பாதி வழியில் 'டிஸ்க்கை எப்படிப் பிரிக்க வேண்டும்?' என்று திரையில் கேள்வி வந்திருக்கிறது. பயந்துபோய் நிறுத்திவிட்டார்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தபிறகு என்னிடம் இப்படிக் கேட்பவர்கள் கூடியிருக்கிறார்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

நிறுத்தியது நல்லதுதான். நான் நிறுத்தவில்லை, அதனால் பட்டேன்.

2018-ல் முதன்முதலாக லினக்ஸ் போட்டபோது 'டிஸ்க் முழுவதையும் எடுத்துக்கொள்' என்ற சுலபமான வழியைத் தேர்ந்தெடுத்தேன். சிஸ்டமும் எங்கள் சொந்தக் கோப்புகளும் ஒரே பார்ட்டிஷனில் அமர்ந்தன. இரண்டு வருடம் கழித்து, ஊரடங்கில் பொழுது போகாமல், புதுப் பதிப்பைப் போடலாம் என்று அதே வழியை மறுபடியும் தட்டினேன். எச்சரிக்கை வந்தது. படிக்காமல் 'சரி' என்றேன். போட்டோக்களுக்கு மகளிடம் பிரதி இருந்தது. ஆனால் என் மனைவி தன் தாயார் சொல்லச் சொல்ல ஒரு மழைக்காலம் முழுவதும் தமிழில் தட்டச்சு செய்த சமையல் குறிப்புகளுக்குப் பிரதி இல்லை. மனைவி கோபித்துக்கொள்ளவில்லை. 'அம்மா இருந்தா திருப்பிக் கேட்டு எழுதிக்கலாம்' என்று மட்டும் சொன்னாள். என் மாமியார் அதற்கு முந்தைய வருடம் காலமாகிவிட்டார்.

ஆகவே இந்தக் கட்டுரையில் முக்கியமாகச் சொல்ல வருவது ஒன்றுதான்: சிஸ்டம் ஒரு பார்ட்டிஷனில், குடும்பத்தின் கோப்புகள் வேறொரு பார்ட்டிஷனில் இருக்க வேண்டும். ரயில்வே யார்டில் மெயின் லைனில் வேலை நடக்கும்போது சைடிங்கில் நிற்கும் வண்டிகளை யாரும் தொடுவதில்லை அல்லவா, அந்த மாதிரி.

இனி கணக்குக்கு வருவோம். 8 ஜி.பி. ரேமும் 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யும் உள்ள ஒரு சாதாரணக் கம்ப்யூட்டரை எடுத்துக்கொள்கிறேன். அதில் லினக்ஸ் மட்டும்தான் இருக்கப் போகிறது. 512 என்று பெட்டியில் அச்சிட்டிருந்தாலும் திரையில் சில இடங்களில் சுமார் 476 என்றுதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார், கம்ப்யூட்டர் 1024 1024 ஆகப் பெருக்குகிறது. நாம் 476 என்றே வைத்துக்கொள்வோம்.

முதலில் 1 ஜி.பி.யில் ஈ.எஃப்.ஐ. பார்ட்டிஷன். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் அது முதலில் தேடிப் போகும் இடம் இது. அரை ஜி.பி.யே போதும், பின்னால் பெரிதாக்குவது தொல்லை என்பதால் ஒன்று கொடுக்கிறேன்.

அடுத்தது ரூட். திரையில் வெறும் சாய்கோடாக '/' என்று எழுதியிருக்கும். சிஸ்டமும் நாம் சேர்க்கும் மென்பொருள்களும் இங்கே வரும். 25 போதும் என்று பழைய புத்தகங்களில் இருக்கும். இப்போதைய மென்பொருள்கள் பருமன் கூடியவை, 60 கொடுங்கள்.

மூன்றாவது ஸ்வாப், 8 ஜி.பி. ரேம் நிரம்பும்போது வழிவதைப் பிடித்துக்கொள்ளும் தொட்டி. ரேமைப் போல் இரண்டு மடங்கு என்பது ரேம் குறைவாக இருந்த காலத்து விதி. கம்ப்யூட்டரை 'ஹைபர்னேட்' செய்து வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் மட்டும் ரேமைவிடச் சற்றுக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். உபுண்டு 2017-லிருந்தே தனிப் பார்ட்டிஷனுக்குப் பதில் ரூட்டுக்குள் ஒரு கோப்பையே ஸ்வாப்பாக வைத்துக்கொள்கிறது. அப்படியிருந்தும் நான் தனியாக, அதுவும் ரூட்டுக்கு அடுத்தாற்போல், போடுவதற்குக் காரணம் உண்டு. ஒரு பார்ட்டிஷனை அதன் கடைசி முனைக்கு அப்பால் காலி இடம் இருந்தால் எளிதில் நீட்டலாம். ஆரம்ப முனையை நகர்த்துவதென்றால் உள்ளே இருக்கும் அத்தனையையும் இடம் மாற்ற வேண்டும். நேரம் பிடிக்கும், நடுவில் கரண்ட் போனால் கதை முடிந்தது. நாளை ரூட் நெருக்கடியானால், பாதுகாக்க எதுவும் இல்லாத ஸ்வாப்பை அழித்து அந்த இடத்தை ரூட்டோடு சேர்த்துவிடலாம். ஸ்வாப்பைக் கோப்பாக வைத்துக்கொள்ளலாம். யார்டு பிளான் போடும்போது மெயின் லைனை ஒட்டிக் கட்டடம் கட்ட விடமாட்டோம், அதே புத்திதான்.

நான்காவது '/ஹோம்', 350 ஜி.பி. இதுதான் வீட்டாரின் இடம். மீதி 57 ஜி.பி.யை அப்படியே காலியாக விட்டுவிடுங்கள். ஹோம் நிரம்பினால் அந்தப் பக்கம் நீட்டிக்கொள்ளலாம். ரூட், ஹோம் இரண்டையும் 'எக்ஸ்ட் 4' முறையில் ஃபார்மட் செய்தால் போதும். இந்த முறை வழக்கமாக நூற்றுக்கு ஐந்து பங்கைச் சிஸ்டத்துக்கென்று ஒதுக்கிவிடும். 350-ல் அது பதினேழரை ஜி.பி. இடம் குறைகிறதே என்று தேடாதீர்கள். ஹோமுக்கு மட்டும் பிற்பாடு அதை ஒரு சதவிகிதமாகக் குறைத்துக்கொள்ளலாம்.

டிஸ்க்கின் அட்டவணை வகையைக் கேட்டால் ஜி.பி.டி. என்று சொல்லுங்கள். பழைய எம்.பி.ஆர். வகையில் நான்கு முதன்மைப் பார்ட்டிஷன்களுக்கு மேல் போட முடியாது. '/வார்', '/டெம்ப்' என்றெல்லாம் மேலும் பிரிப்பது சர்வர் வைத்திருப்பவர்கள் கவலை.

இவ்வளவையும் செய்ய, திரையில் 'மேனுவல்' வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் தடவை எல்லாவற்றுக்கும் ஃபார்மட் செய்யலாம், எதுவும் இல்லாத புது டிஸ்க் என்பதால். இதன் முழுப் பலன் தெரிவது பின்னால் மறுபடி லினக்ஸ் போடும் நாளில்தான். அன்றும் மேனுவல் வழிதான். ரூட்டுக்கு நேரே ஃபார்மட் கட்டத்தில் டிக் இருக்க வேண்டும். ஹோமைத் தேர்ந்தெடுத்து '/ஹோம்' என்று பெயர் மட்டும் காட்டுங்கள். அதன் நேரே டிக் இருக்கவே கூடாது. வீட்டில் இன்னொருவரைக் கூப்பிட்டு அந்தக் கட்டத்தைப் பார்க்கச் சொல்லிவிட்டு அப்புறம் மேலே போங்கள். எங்கள் வீட்டில் இப்போது அந்தப் பொறுப்பு மனைவியுடையது.

இன்னொரு சங்கதி பலருக்குத் தெரிவதில்லை. கோப்பு யாருடையது என்பதை லினக்ஸ் பெயரை வைத்துப் பார்ப்பதில்லை, எண்ணை வைத்துப் பார்க்கிறது. உபுண்டு, டெபியன் இரண்டிலும் முதலில் பதியும் ஆளுக்கு 1000, அடுத்தவருக்கு 1001 என்று வரும். அப்பா, அம்மா, பையன் என்ற வரிசையில் முதலில் பதிந்திருந்தால், மறுபடி போடும்போதும் அதே பெயர்களை அதே வரிசையில் பதியுங்கள். மாற்றிப் பதிந்தால் அம்மாவின் பெர்த்தில் பையன் படுத்திருப்பான். அம்மாவால் தன் கோப்பையே திறக்க முடியாது. நான் 2024-ல் மறுபடி போட்டபோது இந்த வரிசையை எழுதி வைத்திருந்தேன். முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்து, மனைவியின் டெஸ்க்டாப் படம்கூட மாறாமல் வந்தது. நினைவிலிருந்து அவள் திரும்பவும் எழுதிக்கொண்டிருக்கும் குறிப்புகளும் இருந்தன.

தனிப் பார்ட்டிஷன் இருப்பதால் பிரதி எடுக்க வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டும் இருப்பது ஒரே டிஸ்க். அது கெட்டால் சேர்ந்தே போகும். மாதம் ஒருமுறை ஹோமை வெளி டிஸ்க் ஒன்றில் நகலெடுத்து, அதைக் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி பீரோவில் வையுங்கள்.

கடைசியாக, வேலை முடிந்ததும் ஒரு தாளில் பார்ட்டிஷன்களின் வரிசை, ஒவ்வொன்றின் அளவு, வீட்டாரின் பெயர், எண், தேதி எல்லாவற்றையும் எழுதிக் கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டிவிடுங்கள். கடவுச்சொல்லை மட்டும் அதில் எழுத வேண்டாம்.