முக்கோணம் முரடனா?

1944ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஹைடர், சிம்மல் என்னும் உளவியலார் இருவர் மாணவிகளுக்கு ஒரு சிறு படம் காட்டினர். இரண்டு முக்கோணங்கள், ஒரு வட்டம், திறந்து மூடும் கதவுள்ள ஒரு செவ்வகம். படத்தில் இருந்தவை அவ்வளவே. கண்டதை எழுதச் சொன்னபோது, 34 பேரில் ஒருவரைத் தவிர அனைவரும் அவற்றை உயிருள்ளவையாகவே எழுதினர். பெரிய முக்கோணம் முரடனாம்! அதற்கு முகமில்லை, இருந்தது அசைவு மட்டுமே.

இன்று தொழிற்சாலைகளில் மனிதருக்கு அருகிலேயே எந்திரக் கைகள் வேலை செய்கின்றன. அவற்றையும் நாம் அசைவைக் கொண்டே எடைபோடுகிறோம்.

ஒரு தம்ளரை எடுத்து நண்பரிடம் நீட்டுங்கள். உங்கள் கை மெல்லப் புறப்பட்டு, நடுவழியில் விரைந்து, மெல்ல நிற்கும். வேகம்–நேரம் வரைபடம் மணி வடிவில் அமையும். முடுக்கம் மாறும் வீதத்தை (பாடநூல் முடுக்கத்தோடு நின்றுவிடுகிறது, இது அதற்கு அடுத்த படி) கை இயன்றவரை குறைத்துக்கொள்வதாகக் கொண்டால் இவ்வடிவம் கிடைக்கும் என்று 1985இல் பிளாஷ், ஹோகன் ஆகியோர் கணக்கிட்டுக் காட்டினர்.

எந்திரக் கை சட்டெனக் கிளம்பி, ஒரே வேகத்தில் வந்து, சட்டென நின்றால் எதிரில் இருப்பவர் பின்வாங்குவார். எங்கே நிற்கும் என்று அவரால் ஊகிக்க முடியாது. மணி வடிவ அசைவிலோ, கை தணியத் தொடங்கியதுமே அது தெரிந்துவிடும். வேடிக்கை என்னவென்றால், அதே தூரத்தை அதே நேரத்தில் கடக்க, சாதுவாகத் தோன்றும் இந்தக் கையின் உச்ச வேகம்தான் அதிகம்: சராசரியைப்போல் ஏறத்தாழ 1.9 மடங்கு!

தம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றி இரு விதமாகவும் நீட்டிப் பாருங்கள். சிந்துவதை மட்டுமல்ல, வாங்குபவர் முகத்தையும் கவனியுங்கள்.