கிண்ணங்களுக்குக் காற்று பகையல்ல, பனிதான்

கேள்வி: எங்கள் பக்கம் காற்றாலைகளின் மேல் மூன்று கிண்ணம் வைத்த வேகமானி சுற்றிக்கொண்டிருக்கும். அமெரிக்காவில் மவுண்ட் வாஷிங்டன் உச்சியில் மணிக்கு 372 கிலோமீட்டர் காற்றை அளந்ததாகப் படித்தேன். அங்கேயும் இதே கருவிதானா? பிய்த்துக்கொண்டு போகாதா? அந்தக் கணக்கை எப்படி நம்புவது?
– ஒரு வாசகர், உடுமலைப்பேட்டை

பதில்: நல்ல கிண்ண வேகமானி கடும் காற்றைத் தாங்கும். 1996 ஏப்ரலில் ஒலிவியா புயல் ஆஸ்திரேலியாவின் பாரோ தீவைக் கடந்தபோது, அங்கிருந்த மூன்று கிண்ணக் கருவிதான் மணிக்கு 408 கிலோமீட்டரைப் பதிவுசெய்தது. மவுண்ட் வாஷிங்டனின் சாதனையை முந்தியது அதுதான். ஆனால் பாரோ வெப்பமண்டலத் தீவு. அங்கே பனி உறைய வழியில்லை.

நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில் 1,917 மீட்டர் உயரத்தில் நிற்கும் அந்த உச்சி பெரும்பாலான நாட்கள் மேகத்துக்குள் இருக்கும். குளிர்காலத்தில் மேகத்துளிகள் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே போன பிறகும் நீராகவே மிதக்கும். எதிலாவது மோதினால் அதே கணம் உறையும். இப்படிப் படியும் வெள்ளைப் பனிக்கு ரைம் என்று பெயர். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறதோ அந்தப் பக்கம் நோக்கியே அது இறகு இறகாக நீளும். கிண்ணத்தில் ரைம் ஏறினால் எடை கூடும், வடிவம் மாறும், சுழற்சி தளரும். கருவி நின்றுபோனால்கூடத் தெரிந்துவிடும். நிற்காமல் குறைத்துக் காட்டுவதுதான் ஆபத்து.

1934 ஏப்ரல் 12 அன்று நடந்தது அதுதான். விடியுமுன் எழுந்த, உச்சியிலிருக்கும் வானிலை ஆய்வகத்தின் பணியாளர் வெண்டல் ஸ்டீஃபன்சன், வெளியே கேட்கும் இரைச்சலுக்குக் கருவி காட்டும் மணிக்கு 105 மைல் பொருந்தவில்லை என்று கண்டார். அது மின்சாரத்தால் சூடாக்கப்பட்ட வேகமானி. அதையும் மீறிப் பனி பிடித்திருந்தது. ஒரு கட்டையோடு வெளியே போய், ஏணியில் ஏறி, காற்றோடு மல்லுக்கட்டித் தட்டிவிட்டு வந்தார். உடனே வேகம் 150 மைலை ஒட்டி ஏறியது. அன்று பகலில் பதிவானதுதான் 231 மைல், அதாவது நீங்கள் படித்த 372 கிலோமீட்டர். ஸ்டாப்வாட்ச் வைத்து, கருவி அனுப்பும் ‘டிக்’ ஒலிகளை எண்ணிக் கணக்கிட்டார்கள். பிறகு அந்தக் கருவியைச் சோதித்து, சரியாக அளக்கிறது என்று உறுதிசெய்தார்கள். அந்த எண்ணை நான் நம்புவதற்கு இந்தச் சோதனை ஒரு காரணம். அந்த விடியற்காலையில் ஒரு மனிதர் கருவியைச் சந்தேகித்தது அதைவிடப் பெரிய காரணம்.

இப்போது அங்கே முக்கியக் கருவி பிட்டோ குழாய். விமானங்களில் வேகம் பார்க்க இருப்பதும் இதுதான். காற்றின் திசைக்கு வாயைத் திருப்பிக்கொள்ளும் சூடான குழாய். உள்ளே ஏறும் அழுத்தத்திலிருந்து வேகத்தைக் கணக்கிடுவார்கள். சுழல வேண்டிய பாகம் இல்லாததால் பனி மாட்டிக்கொள்ளும் இடம் குறைவு. அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால் புயல்காற்றில் துல்லியம் அருமை. இளங்காற்றில் அழுத்தம் மிகச் சொற்பம், அங்கே இது கொஞ்சம் மந்தம். உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சரி, எல்லாவற்றையும் சூடாக்கிவிடலாமே என்று தோன்றும். வெப்பமானியை எப்படிச் சூடாக்குவது? அளக்க வேண்டியதே கெட்டுவிடும். அதனால் பணியாளர்கள் மணிக்கொரு முறை வெளியே போய், ஈரத்துணி சுற்றியது ஒன்றும் சுற்றாதது ஒன்றுமாக இரண்டு வெப்பமானிகளைக் கையில் சுழற்றி வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் குறிக்கிறார்கள். 2023 பிப்ரவரியில் மைனஸ் 44 டிகிரி வரை இறங்கிய இடம் அது. குளிர்கால இரவுகளில் கோபுரத்தில் ஏறிக் கடப்பாரையால் பனியை உடைப்பதும் அவர்கள் வேலைதான்.

உங்கள் ஊர்க் காற்றாலைக் கிண்ணங்களுக்கு இந்தக் கவலை இல்லை. அங்கே பார்க்க வேண்டியது தூசியும் தேய்ந்த பேரிங்கும்.