செயற்கைக்கோளைச் சுடும் ஏவுகணை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

2019 மார்ச் 27 அன்று ஒடிசா கடலோரத்து அப்துல் கலாம் தீவிலிருந்து கிளம்பிய ஏவுகணை ஒன்று, ஏறத்தாழ 300 கி.மீ. உயரத்தில் இந்தியாவின் சொந்தச் செயற்கைக்கோளையே தகர்த்தது. 'மிஷன் சக்தி' எனப்படும் இந்தச் சோதனையை இஸ்ரோ நடத்தியதாகப் பலர் நம்புகிறார்கள். நடத்தியது பாதுகாப்பு அமைச்சகத்தின் டி.ஆர்.டி.ஓ. இலக்கான 740 கிலோ மைக்ரோசாட்-ஆரை அந்த ஜனவரியில் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் ஏற்றிவிட்டதே இஸ்ரோவின் பங்கு.

இவ்விரு அமைப்புகளையும் ஒன்றாக எண்ணினால், கோவில்பட்டி இருக்கும் தூத்துக்குடி மாவட்டத்தின் தென்கரையில், குலசேகரன்பட்டினத்தில் அமையும் ஏவுதளமும் ஏவுகணைத் தளமாகத்தான் தோன்றும். 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்ட அந்தத் தளம், எஸ்.எஸ்.எல்.வி. எனும் சிறு ராக்கெட்டுக்கானது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்கு ஏவினால் இலங்கையைச் சுற்றி வளைந்து போக வேண்டும். அந்த எரிபொருள் இழப்பைச் சிறு ராக்கெட் தாங்காது. குலசேகரன்பட்டினத்துக்குத் தெற்கே தடையற்ற கடல். அதற்காக, அங்கிருந்து ஏறுபவை எல்லாம் ராணுவத்துக்குத் தொடர்பற்றவையாக இருக்கும் என்றும் சொல்லிவிட முடியாது. உளவுக்கோள்கள் 1960களிலேயே வந்துவிட்டன. இந்தியக் கடற்படைக்கென ஜிசாட்-7 ஏவப்பட்டது 2013இல். விண்வெளியை ராணுவம் பயன்படுத்துவது பழைய செய்தி. அங்கே ஒன்றை உடைப்பதுதான் வேறு விவகாரம்.

உடைப்பதற்கு வெடிமருந்து வேண்டும் என்பதும் தவறு. மிஷன் சக்தியில் இலக்கை அழித்தது மோதல் மட்டுமே. ஏவுகணையும் இலக்கும் நெருங்கிய வேகம் நொடிக்கு ஏறத்தாழ 10 கி.மீ. இந்த வேகத்தில், கோவில்பட்டித் தீப்பெட்டி அளவுள்ள 50 கிராம் உலோகத் துண்டு மோதினால் வெளிப்படும் ஆற்றல் அரைக் கிலோ டி.என்.டி. வெடிப்பதை விஞ்சும். தாழ் சுற்றுப்பாதையில் 10 செ.மீ.க்கும் குறைவான துண்டுகளைத் தரையிலிருந்து தொடர்ந்து கண்காணிப்பது கடினம் என்பதால், இத்தகைய துண்டு வருவது முன்கூட்டித் தெரியவும் தெரியாது.

உயரம் குறைவு, ஆகவே குப்பை உடனே எரிந்துவிடும் என்பது பாதி உண்மை. 45 நாட்களில் அழியும் என்றது டி.ஆர்.டி.ஓ. பெரும்பகுதி விரைவில் எரிந்தது. ஆனால் மோதலின் விசையில் சில துண்டுகள் 1,000 கி.மீ.க்கு மேலும் வீசப்பட்டன. அவற்றில் சில ஓராண்டு கடந்தும் சுற்றின. 2007 ஜனவரி 11 அன்று சீனா உடைத்ததோ 865 கி.மீ. உயரத்தில் இருந்த தன் பழைய வானிலைக் கோளான ஃபெங்யுன்-1சி. கண்காணிக்கத்தக்க துண்டுகளே 3,000க்கு மேல். அந்த உயரத்தில் காற்றின் இழுவை மிகக் குறைவு என்பதால் பெரும்பாலானவை இன்னும் மேலேயே இருக்கின்றன.

இந்தக் குப்பையால் மழை அறிவிப்பு நின்றுபோகுமா? கரிசல் மானாவாரியில் புரட்டாசிப் பட்டத்து விதைப்புக்கு மேகப்படம் தரும் இன்சாட் கோள்கள் 36,000 கி.மீ. உயரத்தில் நிற்கின்றன, அங்கே இத்துண்டுகள் எட்டா. ஆனால் கணினி முன்கணிப்புக்கு வெப்பநிலை, ஈரப்பத அளவுகளைத் தரும் துருவச் சுற்றுக் கோள்கள் 800 கி.மீ. அளவில், சீனக் குப்பைக்கு நடுவேதான் சுற்றுகின்றன. ஆபத்து அங்கே.

சட்டம் இதைத் தடுக்கிறது என்பது கடைசி நம்பிக்கை. 1967 விண்வெளி உடன்படிக்கை, அணு ஆயுதத்தையும் பேரழிவு ஆயுதத்தையும் சுற்றுப்பாதையில் வைப்பதைத்தான் தடை செய்கிறது. தரையிலிருந்து ஏவி உடைப்பதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. 2021 நவம்பரில் ரஷ்யா காஸ்மோஸ்-1408ஐ உடைத்து 1,500க்கு மேற்பட்ட துண்டுகளைப் பரப்பியபோது, சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருந்தவர்கள் தங்கள் கலங்களுக்குள் ஒதுங்க நேர்ந்தது. மறு ஆண்டு டிசம்பரில், இத்தகைய சோதனைகளைக் கைவிடக் கோரும் தீர்மானம் ஐ.நா. பொதுச்சபையில் 155 வாக்குகளுடன் நிறைவேறியது. எந்த நாட்டையும் அது சட்டப்படி கட்டுப்படுத்தாது. ரஷ்யாவும் சீனாவும் எதிர்த்தன. இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது.