அந்தத் தேவதத்தனே இவன்

திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டையருகே தொடங்கிக் கிள்ளிப்பாலம் நோக்கி நீள்கிறது சாலைக் கடைத்தெரு. திவான் ராஜா கேசவதாசர் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமைத்த சந்தை அது. தலைமுறைகளாக அங்கே கடை நடத்திவரும் தமிழ் வணிகர் ஒருவரின் முன்னால், நரைத்த தாடியுடன் ஒருவர் வந்து நிற்பதாகக் கொள்வோம். வணிகர் ஒரு கணம் உற்றுப் பார்க்கிறார். பிறகு, 'பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நாகர்கோவிலில் பார்த்தவரல்லவா? அவரேதான் இவர்!' என்று எழுந்து வரவேற்கிறார்.

வேதாந்தம் பயில்வோருக்கு இவ்வாக்கியத்தின் அமைப்பு புதிதன்று. 'அந்தத் தேவதத்தனே இவன்' என்னும் உதாரணத்தைக் கொண்டுதான் ஆசாரியர்கள் 'தத்த்வமஸி' மகாவாக்கியத்தின் பொருளை விளக்குவார்கள். அன்றைய இடமும் காலமும் வேறு. இன்றைய இடமும் காலமும் வேறு. அவை ஒன்றாக முடியாது. முரண்படும் அந்தப் பகுதிகளைத் தள்ளிவிட்டால் எஞ்சுகின்ற ஆள் ஒருவனே. இம்முறைக்குப் பாகத்தியாக லக்ஷணை என்று பெயர். வகுப்பில் இது மிக எளிதாகவே தோன்றும். வந்து நிற்பவன் தேவதத்தனைப் போன்ற வேறொருவனாக இருந்தால் என்ன செய்வது என்று பெரும்பாலும் எந்த மாணவனும் கேட்பதில்லை.

வங்காளத்தில் ஒரு நீதிமன்றம் அதைக் கேட்டது. விடை கிடைக்கப் பதினாறு ஆண்டுகள் ஆயின.

டாக்கா மாவட்டத்தின் மிகப் பெரிய ஜமீன்களுள் ஒன்று பாவால். அதன் தலைமையிடமான ஜெயதேவ்பூர் இன்று வங்கதேசத்தில் உள்ளது. அந்த ஜமீனின் இரண்டாம் குமாரர் ராமேந்திர நாராயண் ராய். வேட்டையிலும் சிற்றின்பத்திலும் பொழுதைக் கழித்தவர், எழுத்தறிவு மிகக் குறைவு, நோயாளி. 1902-இல் பிபாவதி தேவியை மணந்தார். 1909-இல் சிகிச்சைக்காக டார்ஜிலிங் சென்ற இடத்தில், மே மாதத்தில் அவர் இறந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. அடுத்த நான்கு ஆண்டுகளில் மற்ற இரு சகோதரர்களும் மறைந்தார்கள். ஜமீனின் நிர்வாகம் அரசின் வார்டு நீதிமன்றத்தின் கைக்குச் சென்றது. பிபாவதி தம் சகோதரருடன் கல்கத்தாவில் குடியேறினார்.

பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன. டாக்கா நகரில், ஆற்றங்கரையிலுள்ள பக்லண்ட் கரையில், உடல் முழுதும் திருநீறு பூசிய ஜடாதாரி ஒருவர் வந்து அமர்ந்தார். பேசியது இந்தி. முகமோ இரண்டாம் குமாரரின் முகம் என்று ஊர் பேசியது. சகோதரி ஜ்யோதிர்மயி தேவி அவரை வீட்டிற்கு வரவழைத்தார், அங்கங்களைக் கூர்ந்து பார்த்தார், கேள்விகள் கேட்டார். 1921 மே மாதத்தில் அந்தச் சந்நியாசி, 'நானே ராமேந்திரன்' என்று அறிவித்தார். சிதையில் வைக்கப்பட்ட தம்மை மழை பெய்த இரவில் நாகா சாதுக்கள் மீட்டதாகவும், நினைவிழந்து அவர்களுடன் திரிந்ததாகவும், பிறகு நினைவு சிறிது சிறிதாகத் திரும்பியதாகவும் அவர் கூறினார். பாட்டியும் சகோதரியும் ஏற்றார்கள். குடியானவர்கள் திரண்டு வந்து வணங்கினார்கள். அரசோ, ஜூன் 3 அன்றே அவரைப் போலி என அறிவித்தது. மனைவியும் ஏற்கவில்லை.

1930-இல் வழக்குத் தொடரப்பட்டது. இரு தரப்பிலுமாக ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட சாட்சிகள். வந்தவர் பஞ்சாபைச் சேர்ந்த மால் சிங் என்பவர் என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. நீதிபதி பன்னாலால் பாசு என்ன செய்தார் என்பது தத்துவ மாணவர்கள் கவனிக்கத்தக்கது. வேதாந்தி எதையெல்லாம் தள்ளுகிறானோ, அதையெல்லாம் அவர் ஒவ்வொன்றாக எடுத்து நிறுத்தினார்: செதிள் படிந்த பாதங்கள், கணுக்காலில் வண்டிச் சக்கரம் ஏறிய தழும்பு, காலணியின் அளவு, கண்ணின் நிறம். நீதிமன்றத்துக்கு வேறு வழியில்லை. அதனால் அளக்கக்கூடியது உடல் மட்டுமே. 1936 ஆகஸ்டு 24-இல் தீர்ப்பு சந்நியாசிக்குச் சாதகமாக வந்தது. 1940-இல் கல்கத்தா உயர்நீதிமன்றம் அதை இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் உறுதி செய்தது. நீதிபதி லாட்ஜ் உடன்படவில்லை. ஒரே முகம், ஒரே தழும்பு, ஒரே சாட்சியம். கற்றறிந்த மூவர் ஒரு முடிவுக்கு வர இயலவில்லை.

இது வியப்பன்று. பழைய பௌத்தர்கள் இதைத்தான் சுட்டினார்கள். வெட்டிய நகம் மீண்டும் வளர்ந்தால் அதையே 'அதே நகம்' என்கிறோம்; விளக்கின் சுடர் கணந்தோறும் வேறாக இருக்க, 'அதே சுடர்' என்கிறோம். ஒப்புமையை ஒருமை என்று மயங்குவது மனத்தின் வழக்கம். எனவே 'நேற்றைய நானே இன்றும்' என்ற எண்ணமும் அத்தகைய மயக்கமே என்பது அவர்கள் வாதம்.

பிரம்மசூத்திர பாஷ்யத்தில், இரண்டாம் அத்தியாயத்தின் இரண்டாம் பாதத்தில், சங்கரர் இதற்கு விடையளிக்கிறார். புறத்தே காணப்படும் பொருளைப் பற்றி, அதுவேதானா அல்லது அதைப் போன்றதா என்ற ஐயம் எழலாம் என்று அவர் தயங்காமல் ஒப்புக்கொள்கிறார். காண்பவனைப் பற்றியோ அந்த ஐயம் ஒருவருக்கும் எழுவதில்லை. 'நேற்றுக் கண்டவன் நானா, என்னைப் போன்ற எவனோவா?' என்று யாரும் தன்னைக் கேட்டுக்கொள்வதில்லை.

பாவால் வழக்கில் ஆயிரக்கணக்கானோருக்கு அவர் காணப்படும் பொருள். அவர்களுக்கு ஐயம் நியாயமே. ஒருவருக்கு மட்டும் சாட்சி தேவைப்படவில்லை. வந்தவர் குமாரரோ, மால் சிங்கோ, அவருக்குத் தாம் யார் என்பது தெரியும்.

இங்கே ஒரு தடை எழும். நினைவிழந்து திரிந்த காலத்தில் தாம் யாரென்று அவருக்கே தெரியவில்லையே? அவர் சொன்னதை அப்படியே ஏற்றாலும், மறைந்தவை பெயர், ஊர், மனைவி, ஜமீன் ஆகியவை. பசித்தபோது 'எனக்குப் பசிக்கிறது' என்று அறிந்தது மறையவில்லை. நினைவு திரும்பியபோது, 'அத்தனை நாளும் ஒன்றும் அறியாதிருந்தேன்' என்று சொன்னதும் அதே 'நான்'தான். அறியாமையையும் அறிந்து நின்றது எதுவோ அதையே சங்கரர் பேசுகிறார். ஜமீனுக்கு உரிமை கோர அது உதவாது என்பது வேறு விஷயம்.

பிபாவதி லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றார். தாங்கர்ட்டன் பிரபு, டு பார்க் பிரபு ஆகியோருடன் மூன்றாமவராக அங்கே அமர்ந்திருந்தவர் கேரளத்தவரான சர் மாதவன் நாயர். இரண்டு நீதிமன்றங்கள் ஒரே விதமாகக் கண்ட உண்மையில் பொதுவாகத் தலையிடுவதில்லை என்ற நெறியைக் கொண்டு 1946 ஜூலை 30-இல் மேல்முறையீடு தள்ளுபடியாயிற்று. வென்றவர் கல்கத்தாவில் காளி கோயிலுக்கு வழிபடச் சென்றபோது பக்கவாதத்தால் வீழ்ந்து, சில நாட்களுக்குள் இறந்தார்.

சட்டத்தின் கண்ணில் பிபாவதி இப்போது அவரது விதவை. அம்முறையில் தமக்கு வந்த பங்கை அவர் ஏற்க மறுத்துவிட்டார்.