சும்மா இருக்கும்போதே வரும் நெஞ்சு வலி

பெல்மதுளைப் பக்கத்து மலை ஏற்றத்தில் நெஞ்சு இறுக்கும், நின்றால் விட்டுவிடும். நெஞ்சு வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர்களுக்கு இது பழகிய வலி.

அந்த வலி குணம் மாறினால்தான் ஆபத்து. உட்கார்ந்திருக்கையிலேயே வருவது, தூக்கத்தில் எழுப்புவது, முன்னையை விட அடிக்கடி வருவது, நீண்ட நேரம் நிற்பது. பெரும்பாலும் இருதயக் குழாயில் படிந்த கொழுப்பு வெடித்து, அதன்மேல் இரத்தம் கட்டத் தொடங்கியிருக்கும். அடுத்தது மாரடைப்புதான். பெண்களுக்கும் சீனி வருத்தக்காரருக்கும் வலி குறைவாக, மூச்சு வாங்கலும் குளிர்ந்த வியர்வையுமாக வரலாம். வாயு என்று இஞ்சித் தண்ணி குடித்துவிட்டு விடியும்வரை இருந்துடாதீங்க.

நடக்க விடாமல் உட்கார வையுங்கள். டாக்டர் அவருக்கென்று கொடுத்த குளிசையை நாக்குக்கு அடியில் வைக்க வேண்டும். நின்றுகொண்டு வைத்தால் தலை சுற்றி விழலாம். பக்கத்துக் காம்பராவில் கடன் வாங்கிய குளிசை வேண்டாம். 5 நிமிஷத்தில் விடாவிட்டால், அல்லது குளிசையே இல்லாவிட்டால், 1990க்கு அடியுங்கள். 2016இல் தொடங்கிய சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசில்லை. லயத்துக்கு வழி காட்ட ஒருத்தரை ரோட்டுக்கு அனுப்புங்கள்.

ஆஸ்பத்திரியில் முதல் ஈ.சி.ஜி. சரியாக இருந்தாலும் இரத்தம் சோதிப்பார்கள், ஈ.சி.ஜி.யும் திரும்ப எடுப்பார்கள். நாளைக்குப் பேர் போடணும் என்று துண்டு கேட்டு வந்துடாதீங்க.