விண்வெளித் தராசுக்கு எடைக்கல் எங்கே?

கடலூர் முதுநகரின் மீன் அங்காடியில் ஒருவர் வஞ்சிர மீன் வாங்குகிறார். தராசு இரண்டு கிலோ என்று காட்டுகிறது. அது சரியான இரண்டு கிலோதானா? ஐயம் வந்தால் தராசின் மீதுள்ள அரசு முத்திரையைப் பார்க்கலாம். எடையளவு ஆய்வாளர் படித்தர எடைக்கல்லைத் தட்டில் வைத்துச் சரிபார்த்து முத்திரையிடுகிறார். அந்தக் கல்லும் அதைவிடத் துல்லியமான வேறொரு கல்லோடு ஒப்பிடப்பட்டதே. ஒரு கருவி காட்டும் அளவை, நன்கறிந்த வேறோர் அளவோடு ஒப்பிட்டுச் சரிசெய்வதற்கு அளவுத்திருத்தம் என்று பெயர்.

மாணவர்களே, அந்தத் தராசு தரையிலிருந்து 650 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதாக எண்ணிப் பாருங்கள். ஆய்வாளர் அங்கே போக முடியாது. கருவியோ கதிர்வீச்சில் அடிபட்டுச் சிறுகச் சிறுக மாறிக்கொண்டேயிருக்கும். அதை நம்புவது எப்படி?

இது கற்பனைக் கேள்வியன்று. 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. ஏவுகலம் ஆஸ்ட்ரோசாட் என்னும் விண்கோளைச் சுமந்து சென்றது. வானியல் ஆராய்ச்சிக்கென்றே இந்தியா செலுத்திய முதல் விண்வெளி ஆய்வகம் அது. அதன் பாதை நிலநடுக்கோட்டுக்கு 6 பாகை மட்டுமே சாய்ந்தது. ஆகவே சிதம்பரத்திலிருந்து நோக்கினால் அது ஒருபோதும் தலைக்கு நேர் மேலே வராது. எப்போதும் தென்வானில்தான், இலங்கைப் பக்கமாகக் கடந்து செல்லும். இப்படிக் குறைந்த சாய்வை வைத்ததிலும் காரணம் உண்டு. தென் அட்லாண்டிக் கடலுக்கு மேலே ஆற்றல் மிக்க துகள்கள் செறிந்த பகுதி ஒன்று இருக்கிறது. இந்தப் பாதையில் செல்லும் விண்கோள் அதன் ஓரத்தை மட்டும் தொட்டுச் செல்லும். கருவிகளுக்கு அடி குறையும்.

ஆஸ்ட்ரோசாட்டில் உள்ள மென் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியை எடுத்துக்கொள்வோம். அதன் குவியத்தில் சிலிக்கானால் ஆன ஓர் உணர்சில்லு உள்ளது. எக்ஸ் கதிர் ஃபோட்டான் ஒன்று அதில் விழுந்தால் எலெக்ட்ரான்கள் விடுபடும். எத்தனை எலெக்ட்ரான்கள் என்று எண்ணினால் ஃபோட்டானின் ஆற்றல் தெரிந்துவிடும். 5.9 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள ஃபோட்டான் ஏறத்தாழ 1,600 எலெக்ட்ரான்களை விடுவிக்கும்.

நாளடைவில் துகள்கள் தாக்கிச் சிலிக்கான் படிகத்தில் பழுதுகள் உண்டாகின்றன. சாலைக் குழியில் மழைநீர் தேங்குவது போல, சில எலெக்ட்ரான்கள் வழியிலேயே சிக்கிக்கொள்கின்றன. 1,600-க்குப் பதில் 1,550 மட்டும் வந்து சேர்ந்ததாகக் கொள்வோம். கருவி 5.7 என்று படிக்கும். சிறு பிழைதானே என்று தோன்றும். ஆனால் வானியலார் ஆற்றல் மாற்றத்திலிருந்துதான் வாயுவின் வேகத்தைக் கணக்கிடுகிறார்கள். நூற்றுக்கு மூன்று பங்கு குறைவு என்றால், அந்த வாயு விநாடிக்கு 9,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் நம்மைவிட்டு விலகி ஓடுகிறது என்று பொருள்! ஓடாத ஒன்றை ஓடுவதாக எழுதிவிடுவோம்.

இதைத் தடுக்கக் கருவியோடு எடைக்கல் ஒன்றும் அனுப்பப்பட்டது. உணர்சில்லின் நான்கு மூலைகளிலும் இரும்பு-55 என்னும் கதிரியக்கப் பொருளின் கதிர் எப்போதும் விழுந்துகொண்டிருக்கும்படி அமைத்தார்கள். அது மாங்கனீசாகச் சிதையும்போது 5.9 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் எக்ஸ் கதிரை வெளியிடும். இந்த அளவு இயற்கை விதித்தது, மாறாது. கருவி வேறு எண்ணைக் காட்டினால் குற்றம் கருவியுடையது.

ஆனால் இந்த எடைக்கல் கரையும் கல். இரும்பு-55இன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 2.7 ஆண்டுகள். எட்டு ஆண்டுகளில் அதன் ஒளி எட்டில் ஒரு பங்காகிவிடும். கதிரின் ஆற்றல் மாறுவதில்லை. வந்து சேரும் எண்ணிக்கைதான் குறைகிறது. போதிய ஃபோட்டான்களைச் சேர்க்க எட்டு மடங்கு நேரம் காத்திருக்க வேண்டும். கருவிக்கு வயதாகி, சோதனை மிகவும் தேவைப்படும் காலத்தில் சோதனைப் பொருள் மங்கிப்போகிறது. அதே விண்கோளில் உயர் ஆற்றல் எக்ஸ் கதிர்களைப் படம்பிடிக்கும் கருவி ஒன்றில் அமெரிசியம்-241 வைத்திருக்கிறார்கள். அதற்கு அரை ஆயுள் 432 ஆண்டுகள். அதைப் பற்றிய கவலையில்லை.

கையில் உள்ள கல் கரையுமென்றால் வானில் வேறு கல் தேட வேண்டும். அப்படித் தேர்ந்தவற்றுள் தலையாயது நண்டு நெபுலா. 1054ஆம் ஆண்டில் சீனர்கள் கண்டு குறித்து வைத்த விண்மீன் வெடிப்பின் எச்சம் அது. நமக்கு ஏறத்தாழ 6,500 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. எக்ஸ் கதிர் வானில் அது பிரகாசமானது, நிலையானது என்று கருதியதால், மற்ற மூலங்களின் ஒளியை ‘இத்தனை நண்டு’ என்றே அளந்து எழுதும் வழக்கம் வந்தது.

இதை எந்த மாதத்தில் நோக்குவது? இங்கேதான் திட்டமிடல் வருகிறது. தை மாதத்தில் இரவு பத்து மணி வாக்கில் சிதம்பரத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள். ரோகிணி விண்மீனுக்குக் கிழக்கே, ரிஷபத்தின் கொம்பு நுனியருகே, உச்சிக்குச் சற்று வடக்கில் நண்டு நெபுலா இருக்கும். வெறுங்கண்ணுக்குத் தெரியாது, இடத்தை அறியலாம். அது சூரியன் செல்லும் பாதையை ஒட்டியிருப்பதுதான் சிக்கல். மார்கழித் திருவாதிரையன்று சிதம்பரத்தில் ஆருத்திரா தரிசனம் நடைபெறும்போது, நண்டு நெபுலா சூரியனுக்கு ஏறக்குறைய எதிர்த்திசையில், இரவு முழுவதும் வானில் இருக்கும். ஆனித் திருமஞ்சனக் காலத்திலோ சூரியன் அதன் அருகிலேயே நிற்கும். எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியைச் சூரியனுக்கு அருகே திருப்பக் கூடாது, கருவி கெடும். ஆக ஆனியிலும் அதன் முன்பின் வாரங்களிலும் இந்த எடைக்கல் கைக்கு எட்டாது. அடைமழைக் காலத்தில் கடலூர்க்காரர் வானம் பார்க்க முடியாமல் தவிப்பதுபோல, மேகமே இல்லாத விண்வெளியிலும் ஒரு பருவத்தடை உண்டு!

அதனால் சூரியப் பாதைக்கு வெகு தொலைவிலுள்ள மூலங்களும் பட்டியலில் இருக்க வேண்டும். மென் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிக்கு டைக்கோ என்ற வெடிப்பு எச்சத்தையும், சிறிய மகெல்லன் முகிலிலுள்ள மற்றொரு எச்சத்தையும் பயன்படுத்தினார்கள். நண்டு நெபுலா அந்த உணர்சில்லுக்கு அளவு மீறிய பிரகாசம் என்பதும் நினைவிருக்கட்டும். ஒரு கல் எல்லாத் தராசுக்கும் பொருந்தாது.

கடிகாரத்துக்கும் திருத்தம் வேண்டும். நண்டு நெபுலாவின் நடுவே விநாடிக்கு ஏறத்தாழ 30 முறை சுழலும் துடிவிண்மீன் இருக்கிறது. நம் உதகமண்டலத்தில் 1970 முதல் இயங்கிவரும் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கியும், புனே அருகிலுள்ள மாபெரும் ரேடியோ தொலைநோக்கியும் அதன் துடிப்புகளைக் கேட்டன, ஆஸ்ட்ரோசாட்டும் நோக்கியது. ஒப்பிட்டபோது, மேலே சொன்ன உயர் ஆற்றல் கருவியின் கடிகாரத்தில் ஏறத்தாழ 4.7 மில்லி விநாடி நிலையான விலகல் இருப்பது தெரிந்தது. பிழை இன்னதென்று தெரிந்துவிட்டால் கணக்கில் கழித்துவிடலாம். தெரியாத பிழைதான் ஆபத்தானது.

இவையெல்லாம் ஒருமுறை செய்து முடிக்கும் வேலையா? அன்று. ஆஸ்ட்ரோசாட்டில் செனான் வாயு நிரப்பிய மூன்று பெரும்பரப்பு எண்ணிகள் ஒரே மாதிரி அமைக்கப்பட்டவை. ஒன்றில் வாயு கசிந்து அழுத்தம் குறைந்தது. அதனால் அதன் பெருக்கம் கூடிக்கொண்டே போனது. 2018 மார்ச்சில் அது நிறுத்தப்பட்டது. அதே மாதத்தில் மற்றொன்றின் பெருக்கமும் தாறுமாறாயிற்று. தொடர்ந்து சோதித்து வந்ததால்தான் எந்த எண்ணியின் எந்த நாள் அளவை நம்பலாம் என்று சொல்ல முடிகிறது. இதற்குச் செலவு உண்டு. விண்கோள் ஒரு நேரத்தில் ஒரு திசையைத்தான் நோக்கும். அளவுத்திருத்தத்துக்குக் கொடுத்த ஒவ்வொரு மணியும் ஆராய்ச்சியிலிருந்து எடுத்த மணி. எனினும் இந்தச் செலவில் கஞ்சத்தனம் கூடாது என்பேன்.

இன்னொரு வியப்பும் உண்டு. நிலையானது என்று எல்லோரும் நம்பிய நண்டு நெபுலாவே 2008 முதல் 2010 வரை நூற்றுக்கு ஏழு பங்கு அளவு மங்கியது! முதலில் ஃபெர்மி விண்கோளின் கருவி ஒன்று இந்தக் குறைவைக் காட்டியது. கருவியின் பழுதாக இருக்கலாமே என்ற ஐயம் இயல்பு. வெவ்வேறு விண்கோள்களிலிருந்த, வெவ்வேறு வகையில் அமைந்த கருவிகளும் அதே குறைவைக் காட்டின. எல்லாத் தராசும் ஒரே சமயத்தில் ஒரே அளவுக்குக் கெடுமா? எடைக்கல்தான் இளைத்தது என்ற முடிவு 2011இல் வெளியாயிற்று.

தராசுகள் ஒத்துப்போகாத நிகழ்ச்சியும் உண்டு. நம் சந்திரசேகரின் பெயர் தாங்கிய சந்திரா விண்கோளும் ஐரோப்பியரின் எக்ஸ்.எம்.எம். நியூட்டனும் ஒரே விண்மீன்திரள் கொத்துக்கு வெவ்வேறு வெப்பநிலை காட்டுகின்றன. மிகச் சூடான கொத்துகளில் வேறுபாடு பெரிது. சந்திரா காட்டுவதே கூடுதல். வெப்பநிலையிலிருந்துதான் கொத்தின் நிறையையும், அதிலிருந்து அண்டத்திலுள்ள பொருளின் அளவையும் கணக்கிடுகிறார்கள்.

உங்களுக்கு ஒரு கணக்கு: 2015இல் இரும்பு-55 மூலத்திலிருந்து ஒரு மணி நேரத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கை ஃபோட்டான்கள் கிடைத்தன. பதினோராண்டு கழித்து அதே எண்ணிக்கையைப் பெற எத்தனை மணி நேரம் ஆகும்? நான்கு அரை ஆயுட்காலம் கடந்துவிட்டதாகக் கொள்க.